ஒன்பது முறை கதவைத் தட்டுங்கள்!

தோழர்களே!

தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்ள முனைந்த ஒருவன் பிழைத்து எழுகிறான். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு அவனைக் காப்பாற்றிவிட்டது. மூச்சு சீராகிவிட்டது, நாடி சரியாகிவிட்டது, மூன்றாம் நாள் காலையில் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதப்படுகிறது. அவன் வாயிற்படி தாண்டி வெளியே வருகிறான். எங்கே போகிறான்? எந்தக் கடன்காரன் வாசலில் வந்து நின்றானோ, எந்த வேலை பறிபோயிற்றோ, எந்த வீட்டில் சொல் வாளாக வீசப்பட்டதோ, அதே தெருவுக்கு, அதே வீட்டுக்கு, அதே நிலைமைக்குத் திரும்பிப் போகிறான். போனவனைத் தேடிப் பின்னால் போவது யார்?

இந்தக் கேள்விக்கு அறிவியல் விடை கண்டிருக்கிறது. அந்த விடையைக் கண்டதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. கண்ட விடையைக் கையில் வைத்துக்கொண்டே, அதை எல்லா மருத்துவமனைகளிலும் நடைமுறையாக்காமல் காலங் கடத்துகிறதே ஆட்சிமுறை, அதைப் பற்றித்தான் இந்த ஞாயிறன்று உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

கணக்கை முதலில் காண்போம். 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் மாண்டோர் 1,70,924 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தந்தது. அவர்களுள் தமிழ்நாட்டினர் 19,834 பேர். நாள் ஒன்றுக்கு ஐம்பத்து நான்கு பேர்! நாடெங்கும் மாண்டவர்களில் நூற்றுக்கு இருபத்தாறு பேருக்கு மேல் தினக்கூலிகள். கவனியுங்கள், தோழர்களே! இந்தக் கணக்கைத் தருவது சுகாதாரத் துறை அன்று. குற்றக் கணக்கு எழுதும் அலுவலகம்! காய்ச்சலில் செத்தவனை மருத்துவத் துறை எண்ணுகிறது. மனம் உடைந்து செத்தவனைக் காவல் துறை எண்ணுகிறது. துன்பப்படுகிறவனைக் குற்றவாளியாகப் பார்த்த பழைய கண் இன்னும் மூடவில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

தினக்கூலி என்றால் யார்? ராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் என்று கடலை ஒட்டி வடக்கே எண்ணூர் வரை நடந்து பாருங்கள், தெரியும். துறைமுகத்து வாயிலை நோக்கி ஊர்ந்து நிற்கும் கண்டெய்னர் லாரியின் ஓட்டுநர் ஒருவர். நிரந்தரமானவனின் வேலையைச் செய்துவிட்டு, ஒப்பந்தக்காரன் கணக்கில் பாதிக் கூலி வாங்கும் ஆலைத் தொழிலாளி ஒருவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அறுபத்தொரு நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்க, வட்டிக்கு வாங்கி அடுப்பெரிக்கும் மீனவக் குடும்பம் ஒன்று. வடசென்னைத் தொழிலாளிக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட பி அண்டு சி ஆலை 1996இல் மூடப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்துப் போயின.

இவற்றுள் எது எவனைச் சாவின் பக்கம் தள்ளியது என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. ஒற்றைக் காரணத்தால் எவனும் தன்னை மாய்த்துக்கொள்வதில்லை. கடனும் குடியும் மனநோயும் தனிமையும் வீட்டுக் கொடுமையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதே ஆராய்ச்சியாளர் முடிவு. ஆனால் அந்தப் பின்னலின் ஒவ்வோர் இழையும் வறியவன் வீட்டில்தான் தடித்துக் கிடக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

விதி என்போர்க்கு விடை

"அவன் கோழை" என்கிறார் ஒருவர். "அவன் தலையெழுத்து" என்கிறார் மற்றொருவர். இருவரும் வேறு வேறு பேசுவதுபோல் தோன்றும். இருவர் சொல்வதும் ஒன்றே. நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் அது! கோழையைத் திருத்த முடியாது. எழுத்தை அழிக்க முடியாது. ஆகவே அரசுக்கும் பொறுப்பில்லை, ஆலை முதலாளிக்கும் பொறுப்பில்லை, அண்டை வீட்டானுக்கும் பொறுப்பில்லை! என்னே வசதியான தத்துவம்!

எழுத்து அழியாது என்பவர்கள் கடல் கடந்து இலங்கையைப் பார்க்கட்டும். உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளுள் ஒன்றாக இருந்தது அது. கொடிய பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தது. 1995க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் மூன்றில் இரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. போரும் வறுமையும் கடற்கோளும் அலைக்கழித்த அதே மக்கள்தாம், அதே தலைகள்தாம். தலையெழுத்து மட்டும் எப்படி மாறியது? அரசாணை எழுதிய எழுத்து, தலையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட எழுத்தை அழித்தது! இங்கும் பள்ளித் தேர்வில் தோற்ற பிள்ளை நெடுநாள் காத்திராமல் அடுத்த மாதமே மறுதேர்வு எழுதலாம் என்று ஏற்பாடு செய்யப்பட்டதே, அதுவும் அப்படி ஓர் அரசாணைதான்.

சட்டம் என்ன செய்தது? வெள்ளைக்காரன் 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, சாக முயன்று பிழைத்தவனுக்கு ஓராண்டு வரை சிறை என்றது. வாழ முடியவில்லை என்று அழுதவனுக்கு அந்த ஆட்சி காட்டிய இடம் சிறைக்கூடம்! வெள்ளையன் போய் எழுபது ஆண்டுகள் ஆன பின்னரும் அந்தப் பிரிவு போகவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த பிறகே நிலைமை மாறியது. உயிரை மாய்க்க முயன்றவர், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும். அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று அதன் 115ஆம் பிரிவு பேசுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. ஆனால் அரசு ஊழியரை வற்புறுத்தவோ தடுக்கவோ எண்ணித் தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்று 226ஆம் பிரிவில் ஒரு மூலையைப் பத்திரமாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மனமுடைந்தவன்மீது இரக்கம், மனுக் கொடுத்து மனமுடைந்தவன்மீது வழக்கு!

சட்டம் மாறியது தெருவுக்குத் தெரியுமா? "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்ற அச்சத்தில், நடந்ததை மறைத்து, மருத்துவரிடம் தவறி நேர்ந்தது என்று பொய் சொல்லும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. பொய் சொன்னால் உடலுக்கு மருந்து கிடைக்கும். உள்ளத்துக்கு எப்படிக் கிடைக்கும்? சிகிச்சை அரசின் கடமை என்று சட்டம் சொல்வதை எழுதி, ஒவ்வோர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாயிலிலும் தமிழில் பலகை மாட்ட எவ்வளவு செலவாகும்?

மதிப்பெண் தாளும் மனித உயிரும்

இனி மருத்துவமனைக்கு உள்ளே செல்வோம். அங்கே ஒரு படிவம். பல கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கூட்டிப் பார்த்தால் "ஆபத்து மிகுதி", "ஆபத்து குறைவு" என்று ஒரு முத்திரை. மிகுதி என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புவது. குறைவு என்றால் வீட்டுக்கு அனுப்புவது. எத்துணை எளிமை! கூலிக்கு ஆள் எடுப்பவன் கைக்கு எட்டியவனைப் பிரித்து நிறுத்துவதுபோல, சாவுக்கு நெருங்கியவனையும் பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கை!

அந்த நம்பிக்கையை ஆராய்ச்சியே உடைத்துவிட்டது. அமெரிக்காவில் பொகார்னி என்ற மருத்துவர், மனநலச் சிகிச்சைக்குச் சேர்ந்த முன்னாள் படைவீரர் 4,800 பேரை ஆராய்ந்து, ஆண்டுக்கணக்கில் அவர்களைக் கவனித்து, 1983இல் முடிவை வெளியிட்டார். அவர்களுள் 67 பேர் தற்கொலையால் மாண்டனர். அவர்களை முன்கூட்டியே இனங்காணச் செய்த முயற்சி ஒவ்வொன்றும் பலரைத் தவறவிட்டது. சாகாத எண்ணற்றோரைச் சாகப்போகிறவர் என்று பட்டியலிட்டது. பின்னும் முயன்றார்கள். ஐம்பதாண்டு ஆராய்ச்சியின் 365 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோட்ட அறிக்கை 2017இல் வந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல் என்பதுதான் கிடைத்த முடிவு! 2022இல் பிரிட்டனின் நைஸ் என்னும் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் வெளிப்படையாகவே எழுதிவிட்டது: வருங்காலத் தற்கொலையைக் கணிக்க மதிப்பெண் அளவைகளைப் பயன்படுத்தாதீர், யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்க அவற்றைப் பயன்படுத்தாதீர், மிகுதி, நடுத்தரம், குறைவு என்று மனிதரைப் பிரிக்காதீர்.

அப்படியானால் மருத்துவர் கேட்கவே கூடாதா? கேட்க வேண்டும், மதிப்பெண் போடுவதற்காக அன்று, மனிதனை அறிவதற்காக! என்ன துன்பம், எத்தனை நாளாக, யார் துணை, எது ஆசை, எது அச்சம் என்று உட்கார்ந்து கேட்பதுதான் மதிப்பீடு. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்திற்கு ஆதாரமில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டிவிட்டன. கேட்டால் கெடாது, கேட்காமல் விட்டால்தான் கெடும்.

ஆனால் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். ஆளுக்கு நேரம் வேண்டும். நேரத்துக்குச் சம்பளம் வேண்டும். படிவத்துக்கு இவை எதுவும் வேண்டா. படிவம் அதிகாரிகளுக்கு இனிப்பதன் இரகசியம் அங்கேதான் இருக்கிறது! நாளை கணினி வந்து கணிக்கும், செயற்கை நுண்ணறிவு வந்து சொல்லிவிடும் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். சொல்லட்டும், சொன்ன பிறகு அந்த மனிதனின் அருகில் உட்காரப்போவது எது, இயந்திரமா?

சென்னை கண்ட வழி

இப்போது அந்த விடைக்கு வருவோம்.

1969ஆம் ஆண்டு. சான்பிரான்சிஸ்கோ நகரில் ஜெரோம் மோட்டோ என்ற மருத்துவர் ஒரு வேலை செய்தார். மனமுடைந்து மருத்துவமனையில் சேர்ந்து, வெளியேறிய பின் தொடர்சிகிச்சை வேண்டாம் என்று மறுத்த 843 பேரை எடுத்துக்கொண்டார். ஒரு பகுதியினருக்குச் சிறு கடிதங்கள் எழுதச் செய்தார். அறிவுரை இல்லை, அழைப்பு இல்லை, நலம் விசாரிப்பு மட்டும். ஐந்தாண்டுகளில் இருபத்து நான்கு கடிதங்கள். கடிதம் பெற்றோரிடையே, முதலிரண்டு ஆண்டுகளில், தற்கொலை தெளிவாகக் குறைந்திருந்தது. தபால்தலை ஒட்டிய தாள் உயிரைக் காத்தது!

அந்த வழியில் உலகச் சுகாதார நிறுவனம் 2002 முதல் 2005 வரை ஐந்து நகரங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. பிரேசிலின் கேம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங், இலங்கையின் கொழும்பு, நம் சென்னை. சென்னைப் பணியில் முன்னின்றவர், 1986இல் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை இந்நகரில் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார். உயிரை மாய்க்க முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு, வீடு திரும்புமுன் ஒரு மணி நேரம் தனியே பேச்சு. பின்னர் ஒன்பது முறை தொடர்பு, தொலைபேசியிலோ நேரிலோ. முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்கு, ஏழு, பதினொன்றாம் வாரங்கள். பிறகு நான்கு, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டாம் மாதங்கள். எப்படி இருக்கிறாய், ஏதும் உதவி வேண்டுமா என்ற விசாரிப்பு.

பதினெட்டு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு இருபத்திரண்டு பேர் தற்கொலையால் மாண்டிருந்தனர். ஒன்பது முறை விசாரிக்கப்பட்டவர்களில்? ஆயிரத்துக்கு இருவர்! இருபத்திரண்டு எங்கே, இரண்டு எங்கே! 2008இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழிலேயே இது அச்சாயிற்று.

"எல்லா இடத்திலும் இதே பலன் கிடைக்கவில்லையே" என்று குறுக்கிடுவார் உண்டு. உண்மை, பிரெஞ்சு பாலினேசியாவில் நடந்த ஆய்வில் மறுமுயற்சிகள் குறையவில்லை. ஆனால் பல நாட்டு ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்ட 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு, தற்கொலை மரணத்தைக் குறைப்பதில் இந்த முறை பயன் தருகிறது என்றே முடிவு கூறியது. இன்னொரு வழியும் உண்டு. நோயாளியோடு சேர்ந்து ஒரு காப்புத் திட்டம் எழுதுவது: மனம் கலங்கும் அறிகுறி எது, அப்போது செய்ய வேண்டியது என்ன, எந்த நண்பரிடம் போவது, எந்த மருத்துவரை அழைப்பது, வீட்டில் ஆபத்தானவற்றை எப்படி அகற்றி வைப்பது. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகள் ஒன்பதில், இந்தத் திட்டமும் தொலைபேசி விசாரிப்பும் கிடைத்தவர்களிடம் அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை முயற்சி போன்ற செயல்கள் நூற்றுக்கு நாற்பத்தைந்து குறைந்தன என்று 2018இல் அறிவித்தார்கள்.

கோடி ரூபாய் இயந்திரம் கேட்கவில்லை. வெளிநாட்டு மருந்து கேட்கவில்லை. ஒரு மணி நேரமும் ஒன்பது விசாரிப்பும் கேட்கிறது இந்த மருத்துவம். அதைக் கொடுப்பதற்கு என்ன தயக்கம்?

மத்திய அரசு 2022 நவம்பரில் தேசியத் தற்கொலைத் தடுப்பு வியூகம் என்று ஒன்றை வெளியிட்டது. 2030க்குள் நூற்றுக்குப் பத்து குறைப்போம், ஐந்தாண்டுகளில் மாவட்டந்தோறும் தற்கொலைத் தடுப்புக்கான மனநலப் புறநோயாளர் பிரிவு அமைப்போம் என்றது. வரவேற்போம், வாழ்த்துவோம், ஆனால் கேட்காமல் விடுவோமா? ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறாத நாட்டில், ஆளில்லாத வியூகம் யாரைக் காக்கும்? தாளில் வகுத்த வியூகம் தாளில்தான் வெல்லும்!

ஆகவே நாம் கேட்பது இது. ஸ்டான்லி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகள் அனைத்திலும், உயிரை மாய்க்க முயன்று வந்த எவரையும் ஒரு மணி நேரப் பேச்சின்றி, எழுதிய காப்புத் திட்டமின்றி வீட்டுக்கு அனுப்பலாகாது. பதினெட்டு மாத விசாரிப்பைச் செய்யச் செவிலியரும் சமூகப் பணியாளரும் நிரந்தரப் பணியில் அமர்த்தப்பட வேண்டும். தன் வேலை அடுத்த மாதம் இருக்குமோ இராதோ என்று கலங்கும் ஒப்பந்த ஊழியரை வைத்துப் பிறர் கலக்கத்தைத் தீர்க்க எண்ணுவது பெருங்கொடுமை! இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் இந்தச் சேவை வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அது கிடைக்க வேண்டும்.

நமக்கும் பணி உண்டு

அரசைக் கேட்டாயிற்று, இனி நம்மைக் கேட்டுக்கொள்வோம். "சுரண்டல் ஒழிந்தால் இந்தச் சாவுகளும் ஒழியும், அதுவரை பொறுப்போம்" என்பார் நம்மவருள்ளும் உண்டு. தோழர்களே, 2015 பெருவெள்ளத்தில் மீனவர் படகுகள் தெருவுக்குள்ளேயே வந்து மக்களை மீட்டனவே. ஏரிகளைச் சீர்படுத்திய பிறகு வருகிறோம் என்றா சொன்னார்கள்? சமுதாயத்தை மாற்றும் பணி நீண்டது. அந்தப் பணிக்கு உயிரோடு இருக்கும் தோழர்கள் தேவை!

மேடைக்கும் இதழுக்கும் ஒரு சொல். கொள்கைக்காகவோ தலைவருக்காகவோ ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால், அதை வீரமாக்கிச் சுவரொட்டி அடிப்பது, படம் போட்டு விவரங்களை விரித்து எழுதுவது, கண்கலங்கக் கவிதை பாடுவது, இவை மற்றோர் இளைஞனுக்கு வழிகாட்டிவிடும். செய்தியைப் பரபரப்பாக்கினால் சாவு பெருகும் என்பது பல நாடுகளில் நிறுவப்பட்ட உண்மை. இறந்தவருக்கு மரியாதை செய்வோம். இறப்புக்கு மரியாதை செய்யோம். வாழ்ந்து போராடியவனே நமக்கு வீரன்.

படிக்காதவரால் இதைச் செய்ய முடியுமா என்ற ஐயம் வேண்டா. தமிழ்நாட்டிலுள்ள ஈழத்து ஏதிலியர் முகாமொன்றில், அந்த மக்களிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்தார்கள். அவர்கள் துன்பத்தில் இருந்தோரைத் தவறாமல் சென்று கண்டனர்; காப்பு அட்டை எழுத உதவினர். அத்தகைய உதவியில்லாத முகாமோடு ஒப்பிட்டபோது தற்கொலை நடத்தை குறைந்திருந்தது என்று 2017இல் ஆய்வு வெளிவந்தது. முகாமில் அடைபட்ட மக்களால் முடிந்தது, கிளைதோறும் படிப்பகமும் தெருதோறும் தொண்டரும் உள்ள இயக்கத்தால் முடியாதா?

உங்கள் தெருவில் மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் இருப்பார். ஊர் அவரைப் பற்றிப் பேசும்; அவரோடு பேசாது. நீங்கள் பேசுங்கள். உபதேசம் செய்யாதீர்கள், ஏன் செய்தாய் என்று குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கிறானென்றால், 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, துணைக்கு நில்லுங்கள். மறுசிகிச்சைக்குப் போகக் கூலி போகுமென்றால், அன்றைய கூலியைச் சங்கம் தரட்டும். மனம் கலங்கிய எவரும், அவர் பொருட்டுக் கவலைப்படுகிற எவரும், 104 என்ற எண்ணையோ டெலி மானஸின் 14416 என்ற எண்ணையோ ஸ்நேகாவின் 044-24640050 என்ற எண்ணையோ அழைக்கலாம். இந்த எண்களைப் படிப்பகத்துச் சுவரில், சங்கப் பலகையில், ஏலக்கூடத்துத் தூணில் எழுதி வையுங்கள்.

அரசு ஒன்பது முறை விசாரிக்கும் நாளைக் கொண்டுவரப் போராடுவோம். அந்த நாள் வரும்வரை, தோழர்களே, முதல் வாரத்துக் கதவை நீங்கள் தட்டுங்கள். இரண்டாம் வாரமும் மறவாதீர்கள்!